கணினிப் பொறியியலா, கணினி விஞ்ஞானமா? கடை மேசையில் திரும்பத் திரும்ப விழும் கேள்விகள்

உப்புவெளியில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோகொப்பி, லெப்டொப் திருத்தம், படிவம் நிரப்புதல். உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டால் திருத்த வேலை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். பல்கலைக்கழக விண்ணப்பத்தை ஒன்லைனில் நிரப்ப வரும் பிள்ளைகளும் தாய் தகப்பன்மாரும்தான் கடை நிறைய நிற்பார்கள். அதில் மெத்ஸ் பிள்ளைகள் கேட்பது அநேகமாக ஒரே கேள்வி. நான் கணினி விஞ்ஞானம் படித்தவன். என் தம்பி பேராதனையில் கணினிப் பொறியியல் படித்தவன். இரண்டு பக்கத்து வழக்கும் எங்கள் வீட்டுக் குசினியிலேயே பேசித் தீர்த்தாயிற்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லித் தொண்டை வற்றுகிறது, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணா, ரெண்டும் கம்பியூட்டர்தானே? அதில என்ன பெரிய வித்தியாசம்?

கடற்கரையில் ஒரு மீன்வாடியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஐஸ் போட்ட குளிர் அறை. இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போகிறது. அறை சூடாகிறது. முதலாளியின் போனுக்கு உடனே ஒரு செய்தி போக வேண்டும். அதற்கு அறைக்குள் வெப்பத்தை அளக்கும் ஒரு உணரி வேண்டும். அதை வாசிக்கும் சின்னச் சில்லு வேண்டும். கரண்ட் இல்லாதபோதும் அது உயிரோடு இருக்க பற்றரி வேண்டும். உப்புக் காற்றில் கம்பி கறுத்துப் போகாமல் இருக்க வேண்டும். மோட்டர் ஓடத் தொடங்கும்போது வரும் மின் இரைச்சலில் அளவு தாறுமாறாகக் குதிக்கக்கூடாது. சில்லில் இருக்கும் கொஞ்ச நினைவகத்துக்குள் அடங்குகிற மாதிரி நிரலும் எழுத வேண்டும். இதெல்லாம் கணினிப் பொறியியல்காரனின் தலையிடி.

இப்போது கிண்ணியா, மூதூர், நிலாவெளி, புல்மோட்டை என்று நாற்பது வாடிகளில் இதே பெட்டி இருக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு நிமிடம் அளவுகள் வந்து குவிகின்றன. எதைச் சேமிப்பது, எப்படி வேகமாகத் தேடுவது, எந்த அறை அடுத்த ஒரு மணித்தியாலத்தில் கெடப்போகிறது, ஐஸ் லொறி எந்த வாடிக்கு முதலில் போனால் நட்டம் குறையும்? இது கணினி விஞ்ஞானம். முதலாவது ஆளுக்கு மின்சாரமும் பௌதிகவியலும் வேண்டும். இரண்டாவது ஆளுக்குத் தர்க்கமும் கணிதமும் வேண்டும். நடுவில் இயங்குதளம், வலையமைப்பு, நிரலாக்கம் என்று ஒரு பெரிய பகுதியை இருவருமே படிப்பார்கள். குழப்பம் வருவதே அந்த நடுப்பகுதியால்தான்.

கம்பியூட்டர் எஞ்சினியரிங் படிச்சா கம்பியூட்டர் திருத்தலாம்தானே?

இல்லை. நான் கெம்பஸ் போனபோது எங்கள் அம்மம்மா "பேரன் கம்பியூட்டர் திருத்தப் படிக்கிறான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நானும் அரைவாசி அப்படித்தான் நம்பினேன். முதல் அரையாண்டில் கணக் கோட்பாடு, தர்க்க வாய்பாடு, நிரூபணம் என்று பலகை நிறைய எழுதினார்கள். ஒரு ஸ்குரூட்ரைவரைக்கூட யாரும் கையில் தரவில்லை. திருத்தம் பழகியது பட்டம் முடித்த பிறகு, யூடியூப்பும் பழுதான மதர்போர்டுகளும் வைத்துக்கொண்டு.

பொறியியல் பக்கம் கையில் கருவி வரும். ஆனால் அதுவும் திருத்துவதற்கு இல்லை, வடிவமைப்பதற்கு. தம்பி முதலில் கணினிச் சுற்றின் அடிப்படைத் துண்டுகளான தர்க்கப் படலைகளைப் பலகையில் செருகி இரண்டு எண்களைக் கூட்டினான். பிறகு ஒரு சின்ன புரொசஸரையே நிரலால் விவரித்து ஓட்டினான். வீட்டு பிரிண்டர் நின்றால் இன்றைக்கும் எனக்குத்தான் கோல் எடுப்பான்.

விண்ணப்பத்தில "கணினிப் பொறியியல்" எண்ட பேரையே காணேல்ல. எங்க இருக்கு?

இந்தக் கேள்விக்காகத்தான் முழுதையும் எழுதத் தொடங்கினேன். பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களுக்கு நீங்கள் விண்ணப்பத்தில் போடுவது "பொறியியல்" என்ற பாடநெறியை மட்டும்தான். பேராதனை, மொறட்டுவை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பீடம், றுகுணு, தென்கிழக்கு, ஸ்ரீ ஜயவர்தனபுர என்று பொறியியல் பீடங்கள் உண்டு. உள்ளே போனதும் ஆரம்பப் பகுதியை எல்லோரும் பொதுவாகப் படிப்பார்கள். அங்கே எடுத்த புள்ளியையும் விருப்பத்தையும் பார்த்துத்தான் சிவில், மெக்கானிக்கல், இலத்திரனியல், கணினி என்று பிரிப்பார்கள்.

கணினி விஞ்ஞானம் அப்படியில்லை. கொழும்பு, யாழ்ப்பாணம், நம் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் என்று அதை நேரே பெயர் சொல்லியே தெரிவு செய்யலாம். அதாவது ஒன்றைப் படலையிலேயே எடுத்துக்கொள்கிறீர்கள். மற்றதற்கு வீட்டுக்குள் போய் இன்னொரு தரம் போட்டி போட வேண்டும். இது தெரியாமல் "கம்பியூட்டர் எஞ்சினியரிங் கிடைச்சிட்டுது" என்று கேக் வெட்டிய வீடுகளை எனக்குத் தெரியும்.

அப்ப உள்ள போய் எனக்கு சிவில்தான் கிடைச்சா?

கிடைக்கலாம். கணினித் துறைக்குக் கேள்வி அதிகம், இடம் குறைவு. முதல் பகுதியில் கணினி மட்டும் வராது. பொறிமுறை, திரவியம், வரைதல் எல்லாம் வரும், அவற்றிலும் நல்ல புள்ளி வேண்டும்.

ஆகவே உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள்: பாலம் கட்டும் படிப்பு வந்தாலும் பரவாயில்லை, பொறியியல்தான் வேண்டுமா? "ஓம்" என்றால் பொறியியலை மேலே போடுங்கள். "இல்லை, எனக்குக் கம்பியூட்டர்தான், வேறொன்றும் வேண்டாம்" என்றால் கணினி விஞ்ஞானத்தை மேலே போடுவது வெட்கப்படும் காரியமில்லை. அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி பொறியியலுக்குப் போதுமாக இருந்தும் அப்படிப் போட்ட ஒரு தங்கச்சியிடம் ரியூசன் சேர் ஒருவர் "புள்ளியை வீணாக்கிறாய்" என்றாராம். புள்ளி என்ன, பழுதாகிப் போகிற மீனா வீணாவதற்கு?

மகன் இரசாயனத்துக்குப் பதிலா ஐசிடி எடுத்தவர். எஞ்சினியரிங் போடலாமா தம்பி?

இல்லை அக்கா. பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். ஐசிடியில், அதாவது தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தில், ஏ எடுத்தாலும் அந்த வழி இல்லை. கணினிப் படிப்புகளுக்கு அப்படி இல்லை. ஆனால் ஒவ்வொரு பாடநெறியும் கேட்கும் பாடச் சேர்க்கை வேறு வேறு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடத்துக் கைநூலில் பாடநெறியின் பெயருக்குக் கீழே இருக்கும் பந்தியை வரி வரியாக வாசிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போன வருடம் சரிவந்தது என்பதை நம்பி இறங்க வேண்டாம்.

இதைப் பதினோராம் ஆண்டு பெற்றோர் கவனியுங்கள். இரண்டில் எது என்ற கேள்விக்குப் பாதிப் பதிலை உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் அன்றைக்கே எழுதி முடித்துவிடுகிறோம்.

நான் டெக்னோலொஜி பிரிவு. எனக்கும் "எஞ்சினியரிங்" எண்டுதானே வருது?

பெயர் கிட்ட வரும், படிப்பு வேறு. தொழினுட்பப் பிரிவில் இருந்து போவது பொறியியல் தொழினுட்பப் பட்டத்துக்கு அல்லது தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பட்டத்துக்கு. பொறியியல் விஞ்ஞானமாணிப் பட்டத்துக்கு அதில் வழி இல்லை. குறைவான படிப்பு என்று சொல்ல வரவில்லை. மென்பொருள் கொம்பனியில் அந்தப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். பின்னால் பட்டயப் பொறியியலாளர் (பொறியியலாளர் நிறுவகம் தரும் தொழில் தகுதி) ஆக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மட்டும் இந்த வித்தியாசம் கடிக்கும்.

போன வருச வெட்டுப்புள்ளியைப் பார்த்து அதே ஒழுங்கில போடட்டா?

போட வேண்டாம். வெட்டுப்புள்ளி அந்த வருடம் கடைசியாக உள்ளே போன பிள்ளையின் புள்ளி, அவ்வளவுதான். இந்த வருடம் அது ஏறலாம், இறங்கலாம். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, புள்ளி எட்டும் முதலாவது இடத்தில் நிறுத்திவிடும். எட்டாத ஒன்றை மேலே போட்டதற்காக கீழே இருப்பது பறிபோகாது. விருப்பமில்லாத ஒன்றை மேலே போட்டால்தான் ஆபத்து, அதிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இசட் புள்ளி என்பது உங்கள் மூன்று பாடங்களிலும் சராசரி மாணவரில் இருந்து எவ்வளவு விலகி நிற்கிறீர்கள் என்பதன் சராசரி. பொறியியல், கணினி விஞ்ஞானம் போன்றவற்றுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. அதனால் கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து நீங்கள் பயந்துபோக வேண்டியதில்லை.

எது கஷ்டம் அண்ணா? உண்மையைச் சொல்லுங்கோ.

பௌதிகவியலில் மின்னியல் அலகு வந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது? சுற்று வரைந்து மின்னோட்டம் கண்டுபிடிப்பது பிடித்திருந்தால் பொறியியல் பாரமாக இராது. அங்கே சமிக்ஞை, இலத்திரனியல், கட்டுப்பாடு என்று வகையீடும் தொகையீடும் நான்கு வருடமும் கூடவே வரும். ஆய்வுகூட அறிக்கையும் அப்படித்தான், ஒன்றை முடித்தால் அடுத்தது நிற்கும்.

கணினி விஞ்ஞானத்தில் வலி வேறு இடத்தில். ஒரு நிரல் சரியான விடை தருகிறது, ஆனால் பத்து இலட்சம் பதிவுகளைக் கொடுத்தால் விடியும்வரை ஓடுகிறது. ஏன்? எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஓட்டாமலே சொல்ல முடியுமா? இப்படியான கணக்கு. எண்ணை விட நியாயம்தான் அதிகம். வரிசைமாற்றம், சேர்மானம், தொகுத்தறிவு ரசித்துச் செய்தவர்களுக்கு இது பொருந்தும். பொறியியல் 4 வருடம். கணினி விஞ்ஞானத்தில் 3 வருடப் பட்டமும் 4 வருடச் சிறப்புப் பட்டமும் உண்டு. வீட்டு நிலைமையால் சீக்கிரம் உழைக்க வேண்டியவர்களுக்கு அந்த ஒரு வருடம் சின்ன விஷயமில்லை.

எனக்கு கோடிங்கே தெரியாது. இங்கிலிஷும் அப்படித்தான்.

கோடிங் அங்கே ஆனா ஆவன்னாவில் இருந்துதான் தொடங்கும். பெறுபேறு வந்து கெம்பஸ் தொடங்கும்வரை மாதக்கணக்கில் சும்மா இருப்பீர்கள், அதில் பைதன் பழகலாம். ஆங்கிலம்தான் உண்மையான சுவர். இரண்டு படிப்பும் ஆங்கில மூலம். தமிழில் "மின்தடை" என்று படித்த பிள்ளைக்கு முதல் வாரம் விரிவுரையில் எல்லாமே புதுச் சாமானாகத் தெரியும். கோடிங் வகுப்புக்குக் கட்டும் காசை ஆங்கிலத்துக்குக் கட்டுங்கள் என்று நான் வெட்கமில்லாமல் சொல்லுவேன், நானே ஒரு கோடிங் வகுப்பு நடத்தினாலும்.

மகளைக் கோணேசபுரியில விட்டா வீட்டில இருந்து போய்வருவா. பேராதனை எண்டா தனிய. என்ன சொல்லுறீங்கள்?

இந்தக் கேள்வியை மகன்மாருக்கு யாரும் கேட்பதில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கம் என்பதும் ஒரு காரணம்தான். விடுதி, சாப்பாடு, பஸ் காசு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மகாபொல புலமைப்பரிசுப் பணம் எந்த மூலைக்கு? ஆனால் நிலாவெளி பஸ்ஸில் போய்வரலாம் என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளையின் படிப்பை மாற்றினால், அது படிப்பைத் தெரிவு செய்வதாகாது, பஸ் பாதையைத் தெரிவு செய்வது.

மகளைக் கூப்பிட்டு, வாடிக் கதையைச் சொல்லி, எந்தப் பக்கத்து வேலை உனக்கு வேண்டும் என்று கேளுங்கள். அவள் இரண்டாவது பக்கம் என்றால், வீட்டுப் பக்கத்தில் இருப்பது அதிர்ஷ்டம். முதலாவது என்றால் பேராதனைக்கோ கிளிநொச்சிக்கோ விடுங்கள். தம்பியின் வகுப்பில் சாலிடர் இரும்பு பிடித்த பெண் பிள்ளைகளின் இணைப்புகள்தான் சுத்தமாக இருந்தனவாம், அவனுடையது பார்க்கச் சகிக்காதாம்.

மொறட்டுவையில ரெண்டு படிப்பும் ஒரே பெயரில ஒட்டி இருக்கே, அது எந்தப் பக்கம்?

அந்தத் துறைக்குப் பெயரே கணினி விஞ்ஞானமும் பொறியியலும். பொறியியல் பீடத்துக்குள் இருப்பதால் பட்டம் பொறியியல் பட்டம். படிப்பில் மென்பொருள் பக்கம் பாரம் கூட. பேராதனையில் துறையின் பெயர் கணினிப் பொறியியல், வன்பொருள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இரண்டு துறையும் 1985இல் தொடங்கியவை. சிக்கலான இடம் இதுதான்: பெயரைப் பார்த்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. துறையின் இணையத்தளத்தில் பாடப் பட்டியல் இருக்கும். இரண்டாம், மூன்றாம் வருடப் பாடங்களை மட்டும் எடுத்து, பிடிக்கும், பிடிக்காது என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். அரை மணித்தியால வேலை.

சிஎஸ் முடிச்சிட்டு "எஞ்சினியர்" எண்டு போடலாமா?

கொம்பனி உங்களுக்கு மென்பொருள் பொறியியலாளர் என்று பதவி தரும். அங்கே கணினி விஞ்ஞானம் படித்தவரும் பொறியியல் படித்தவரும் ஒரே மேசையில், அநேகமாக ஒரே சம்பளத்தில் இருப்பார்கள். ஆனால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தில் பட்டயப் பொறியியலாளர் ஆகும் நேர்வழி அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டத்துக்குத்தான். 2017இன் 4ஆம் இலக்கச் சட்டத்தால் பொறியியல் பேரவை என்ற ஒன்றும் வந்து, பொறியியல் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்கிறது. சம்பந்தம் பேச வருபவர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தேவையில்லை, பெயருக்கு முன்னால் என்ன வருகிறது என்பதே போதும். அதற்காக நான்கு வருடம் சுற்றுப் பலகையோடு மல்லுக்கட்ட வேண்டுமா என்பது உங்கள் பாடு.

கனடாவில மாமா இருக்கிறார். வெளிநாட்டுக்கு எது நல்லம்?

பொறியியலாளர் உரிமத்தோடு வேலை செய்யும் எண்ணமென்றால் பொறியியல் பட்டம் உதவும். வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இல் முழு உறுப்பு நாடானது. அங்கீகாரம் பெற்ற நம் பொறியியல் பட்டங்களைக் கனடா, அவுஸ்திரேலியா போன்ற உறுப்பு நாடுகள் மதிப்பதற்கு அது வழி. நீங்கள் சேரும் பட்டம் அந்த அங்கீகாரம் பெற்றதா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

மென்பொருள் வேலைக்கு இந்த உடன்படிக்கையை யாரும் பெரிதாகத் தேடுவதில்லை. அவுஸ்திரேலியாவில் மதிப்பிடும் அமைப்பே வேறு: கணினித் தொழில்களைக் கணினிச் சங்கம் பார்க்கும், பொறியியலை அங்குள்ள பொறியியலாளர் அமைப்பு பார்க்கும். மேற்படிப்புக்கு இரண்டு பட்டத்தோடும் போகிறார்கள். மாமாவிடம் கேட்க வேண்டியது பட்டத்தின் பெயரைப் பற்றி இல்லை, முதல் வருட வாடகையைப் பற்றி.

படிச்சிட்டு திருகோணமலையிலயே இருக்கலாமா?

வெளிப்படையாகச் சொன்னால் கொஞ்சம் கஷ்டம். பெரிய மென்பொருள் கொம்பனிகள் கொழும்பில். சீனன்குடாப் பக்கம் மாவாலையும் சீமெந்து ஆலையும் இருக்கிறதே, துறைமுகம் இருக்கிறதே என்பார்கள். அங்கே இயந்திரங்களை ஓட்டும் கட்டுப்பாட்டு முறைகளுக்கு மின், இலத்திரனியல், மெக்கானிக்கல் படித்தவர்களைத்தான் முதலில் தேடுவார்கள். கணினிப் பொறியியலாளர் அந்தப் பக்கம் நுழைய முடியும், ஆனால் இடம் எண்ணி வைத்த மாதிரி.

கணினி விஞ்ஞானக்காரருக்கு ஊரோடு இருக்க வேறு வழிகள் உண்டு. பாடசாலைகளில் ஐசிடி ஆசிரியர், அரச அலுவலகங்களில் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப சேவை, வீட்டில் இருந்து வெளிநாட்டுக்கு வேலை. கடைசியாகச் சொன்னதை உவர்மலையில் இருந்து செய்யும் இரண்டு பேர் என் வாடிக்கையாளர்கள். கரண்ட் போனால் யூபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் ஓடி வருவார்கள்.

ஏஐ வந்திட்டுதே, இனி கோட் எழுத ஆள் தேவையா?

இந்த வருடம் தகப்பன்மார் எல்லோரும் கேட்டது. ஏஐ கோட் எழுதுகிறது, நானும் அதை வைத்துத்தான் கடைக்குப் பில் போடும் நிரல் செய்தேன். முதல் நாள் அழகாக ஓடியது. மூன்றாம் நாள் ஒரு வாடிக்கையாளரின் கழிவை இரண்டு தரம் கழித்துவிட்டது. எங்கே பிழை என்று தேடியபோது கைகொடுத்தது கெம்பஸில் படித்ததுதான். வெறும் கோட் தட்டச்சுக்கு மட்டும் படிக்கப் போகிறவர் கவலைப்பட வேண்டும். முன்னே எழுதிய "எது கஷ்டம்" பதிலில் சொன்ன நியாயக் கணக்கைப் படிக்கிறவர் அந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டாம். ஏஐயின் உள்ளே இருப்பதும் அதே கணிதம், அது ஓடும் சில்லை வடிவமைப்பது கணினிப் பொறியியல்.

எஞ்சினியரிங்குக்குக் கொஞ்சம் குறைஞ்சிட்டுது. சிஎஸ் கிடைக்கும் போல. திரும்ப எக்ஸாம் எடுக்கட்டா?

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம் வரை உயர்தரம் எழுதலாம். ஆனால் ஒரு இடத்தில் பதிவு செய்த பிறகு, அடுத்த பெறுபேற்றை வைத்து மாறுவதற்குக் கைநூலில் இறுக்கமான விதிகள் உண்டு. பதிவுக்கு முன்பே வாசித்துவிடுங்கள்.

சிவில் வந்தாலும் பரவாயில்லை என்று மேலே சொன்னவர் என்றால் திரும்ப எழுதுவதில் நியாயம் இருக்கிறது. கணினிப் பொறியியல்தான் வேண்டும் என்பவர் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும்: ஒரு வருடம் போகும், புள்ளி கூடுமா தெரியாது, கூடினாலும் உள்ளே இரண்டாவது போட்டி இருக்கிறது. நானாக இருந்தால் கணினி விஞ்ஞானத்துக்குப் போய், மாலையில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு மைக்ரோகொன்ட்ரோலர் பலகை வாங்கி மின்குமிழ் சிமிட்டப் பழகுவேன். வன்பொருள் ஆசைக்கு அது நல்ல பரிசோதனை. ஒரு மாதத்தில் பலகை லாச்சிக்குள் போய்விட்டால் ஆசை அவ்வளவுதான்.

லெப்டொப் எது வாங்க?

இரண்டுக்கும் ஒன்றுதான். 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, சாதாரண புரொசஸர் போதும். கேமிங் லெப்டொப் வேண்டாம், பற்றரி விரிவுரை முடியுமுன் செத்துவிடும். முதல் வருடத்துக்கு வீட்டில் இருக்கும் பழையதே காணும். வாங்குமுன் அதை ஒருக்கால் கடைக்குக் கொண்டுவாருங்கள், ரேம் கூட்டலாமா என்று திறந்து பார்த்துச் சொல்கிறேன். பார்ப்பதற்குக் காசில்லை.